கேட் போட்டாச்சு

இருபத்திரண்டு வருஷம் கன்டெய்னர் மேல் நின்றவன் நான்.
ஐந்தடுக்கு உயரம், உப்புக் காற்று,
தோளில் என்னைவிட நீளமான லாஷிங் கம்பி.
கப்பல் லேசாக மூச்சு விடும்,
அதோடு நானும் விடுவேன், அவ்வளவுதான் வித்தை.
கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது.

இப்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு
அரைச் சாண் தூக்கச் சொல்கிறாள் நிலோஃபர்.
"ஆபரேஷன் பண்ண கால்ல நில்லுங்க சார். பத்து எண்ணுங்க."
மூன்றிலேயே சரிகிறது இடுப்பு,
ஒரு பக்கம் கயிறு விட்ட தராசாக.
"மூட்டு புதுசு, அது ரெடி. சதைதான் தூங்குது."
நாற்பத்தெட்டு வயசில்
என் பின்புறத்தை நானே தட்டி எழுப்ப வேண்டும்
ஒரு நாளைக்கு மூன்று வேளை.

ரத்தம் போகாமல் செத்துப்போச்சாம் பந்து.
ஸ்டான்லியில் அதை எடுத்துவிட்டு வைத்ததை
எக்ஸ்ரேயில் காட்டினார்கள்.
நான் முறுக்கிய டர்ன்பக்கிள்களுக்குத்
தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது.

சட்டங்கள் உண்டு.
குனியாதே.
சம்மணம் கூடாது.
கால்மேல் கால் போடாதே.
(போட்டு உட்கார்ந்த பிழைப்பா நம்முடையது, சரி.)
தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை;
அதற்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்திருக்கிறாள் குளோரி.
படியேறும்போது நல்ல கால் முன்னால்,
இறங்கும்போது கெட்ட கால் முன்னால்.
ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில்கூட
இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.
எங்களுடையது மூன்றாவது மாடி.
இரண்டு குடத்தோடு எதிரே வருகிறவர்கள்
சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழிவிடுகிறார்கள்.
அதுதான் வலிக்கிறது, தையல் போட்ட இடம் அல்ல.

குளோரி வேண்டாமென்று எங்கப்பா சொன்னபோது
ஒத்தக்கால்ல நின்னான்டா என்று
இன்றைக்கும் லைன் முழுக்கப் பேச்சு.
ஒன்பது மாசம் நின்றேனாம்.
இப்போது ஒன்பது எண்ணிக்கை நின்றால்
காலண்டரில் கோடு போடுகிறாள்,
கேஸ் புக் பண்ணின தேதிக்குப் பக்கத்தில்.
சில வாரம் கோடே இல்லை.
அப்போதெல்லாம் காலண்டர் பக்கம் அவளும் பார்ப்பதில்லை.

ஏழாம் வாரம், கைத்தடியோடு, தனியாக,
கொருக்குப்பேட்டை கேட் வரை.
கேட் போட்டாச்சு.
பிறந்ததிலிருந்து நின்றதில்லை நான் இங்கே.
இந்தக் கட்டைக்குக் கீழே குனிந்து குனிந்தே
பள்ளிக்கூடம், சினிமா, முதல் ஷிப்ட்,
அம்மாவைத் தூக்கிப்போன அன்றைக்கு மட்டும்
எல்லோருமாகக் காத்திருந்தோம்.
இப்போதும் குனிகிறார்கள்.
ஸ்கூல் பை ஒன்று, மீன் அன்னக்கூடை ஒன்று,
சைக்கிளைப் படுக்கவைத்து இழுக்கும் ஒருவன்.
குனியக்கூடாதவன் என்ன செய்வான்,
நேராக நின்றேன்.

கூட்ஸ் வந்தது.
முழுசாக ஒரு கூட்ஸ் வண்டியை
முதல்முறை பார்க்கிறேன்.
பச்சை, துருச்சிவப்பு, நீலம்,
எல்லாம் எனக்குத் தெரிந்த பெட்டிகள்,
மேலேயிருந்து மட்டுமே தெரிந்தவை.
தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு
கட்டையில் இரண்டு விரல் வைத்து
லுங்கிக்குள் வலது காலை மெல்லத் தூக்கினேன்.
ஒரு வேகன். இரண்டு. மூன்றாவதில் ஊன்றிவிட்டேன்.
யாரும் பார்க்கவில்லை.

மறுநாளும் போனேன். அதற்கடுத்து மழை.
பிறகு ஒரு நாள் ஆறு வேகன்,
ஒரு நாள் திரும்பவும் இரண்டு,
தொடை நடுங்கி, வியர்த்து, டீக்கடைப் பையன்
ஸ்டூல் எடுத்து ஓடிவந்தான்.
தாழ்வான ஸ்டூல். அதிலும் உட்காரக்கூடாது எனக்கு.

இன்றைக்கு வெறும் டேங்கர்கள், கறுப்பாக, எண்ணெய் வாடையோடு.
பதினொன்று வரை எண்ணினேன்.
உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு சதை
கம்பியை இறுக்கும்போது கடைசித் திருகில் வருமே,
அந்தப் பிடிப்பு.
பன்னிரண்டு.
பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

"யோவ், கேட்டு தொறந்து எவ்ளோ நேரமாவுது,
இன்னா நின்னுக்குனு கீற?"

நிமிர்ந்து பார்த்தால் கட்டை தலைக்கு மேலே.
என் இரண்டு விரலும் காற்றில்.

இருப்பா. இன்னும் மூணு பாக்கி.